நர்சிங் படிக்கணுமா? பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு திட்டம் போடுங்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம். ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கம் எந்த மேல்நிலைப் பள்ளிக்குப் போனாலும் ஆபீஸ் வாசலில் ஒரே கூட்டம். அப்பா நைட் ஷிப்ட் முடித்துவிட்டு சிப்காட்டிலிருந்து நேராக வந்திருப்பார். அம்மா அரை நாள் லீவு சொல்லியிருப்பார். "எந்த குரூப் வேணும்?" என்று கேட்பார்கள். பத்து நிமிடத்தில் ஒரு பதில் சொல்லி, படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம்.

உங்கள் பிள்ளைக்கு நர்ஸ் ஆகும் எண்ணம் இருந்தால், அந்தப் பத்து நிமிடத்தில்தான் பாதி வழி முடிவாகிறது. அமெரிக்கா போன்ற நாடுகளில் உடற்கூறியல், நுண்ணுயிரியல் மாதிரியான பாடங்களைக் கல்லூரியில் தனியாக முடித்துவிட்டு, பிறகு நர்சிங் பள்ளிக்கு விண்ணப்பிக்கிற முறை பரவலாக இருக்கிறது. அங்கே பாதையை மாற்றிக்கொள்ள இடையில் ஒரு வாய்ப்பு கிடைக்கும். நம் ஊரில் அந்த முன்தகுதிப் பாடங்கள் பதினோராம் வகுப்பு குரூப்பிலேயே அடங்கிவிடுகின்றன. பிளஸ் டூ முடித்தபின் "ஐயோ, உயிரியல் எடுக்காம விட்டுட்டோமே" என்று நினைத்தால் திரும்பி வர ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகிவிடும்.

இந்தக் கட்டுரை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: நர்சிங் படிப்பைக் கடைசியிலிருந்து திட்டமிடுங்கள். கடைசியில் கையில் என்ன இருக்க வேண்டும் என்று முதலில் தெரிந்துகொண்டால், அதற்கு எந்தக் கல்லூரி, அந்தக் கல்லூரிக்கு எந்தப் பாடம், எந்தச் சான்றிதழ் என்பதெல்லாம் தானாகப் பின்னோக்கி வரிசையாகிவிடும்.

கடைசியில் கையில் இருக்க வேண்டியது பதிவு எண்

நர்சிங் படித்தால் மட்டும் ஒருவர் நர்ஸ் ஆகிவிட முடியாது. படிப்பை முடித்தபின் மாநில செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கி வரும் அமைப்பு இது. அங்கே கிடைக்கும் பதிவு எண் இருந்தால்தான் சட்டப்படி நீங்கள் செவிலியர். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் அரசு நர்ஸ் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்க அந்தப் பதிவு வேண்டும். பெங்களூரு ஆஸ்பத்திரிக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போவதாக இருந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

ஆகவே எந்தக் கோர்ஸைப் பற்றி யார் வந்து சொன்னாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "இதை முடிச்சா கவுன்சில்ல நர்ஸா பதிவு பண்ண முடியுமா?"

"ஆறு மாசத்துல நர்சிங்", "ஒரு வருஷ நர்சிங் அசிஸ்டென்ட்" என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் பார்க்கிற குறுகிய காலப் பயிற்சிகளை முடித்தவர்கள் உதவியாளர் வேலைக்குப் போகலாம். ஆனால் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் பணம் கட்டிவிட்டு, இரண்டு வருடம் கழித்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. அஞ்சல் வழியிலும் நர்ஸ் ஆக முடியாது.

பதிவுக்கு வழிவிடும் மூன்று படிப்புகள்

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன. இவற்றுக்கான அடிப்படைத் தகுதியை இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்திருக்கிறது.

பி.எஸ்சி. நர்சிங்: 4 ஆண்டுப் பட்டப்படிப்பு, 8 செமஸ்டர். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். இந்த மூன்றிலும் சேர்த்துக் குறைந்தது 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் என்றால் 40 சதவீதம். ஆங்கிலத்தில் தனியாகத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும்.

ஜி.என்.எம். என்கிற டிப்ளமோ: 3 ஆண்டு. பிளஸ் டூவில் 40 சதவீதமும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் வேண்டும். அறிவியல் குரூப் படித்தவர்கள் விரும்பத்தக்கது என்பது கவுன்சில் விதி. மற்ற குரூப் மாணவர்களுக்கும் இது முழுக்க மூடிய கதவு இல்லை.

ஏ.என்.எம். என்கிற துணைச் செவிலியர் படிப்பு: 2 ஆண்டு. கலைப்பிரிவு, அறிவியல், சுகாதாரத் தொழிற்கல்வி என எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கும் வாய்ப்பு உண்டு. ஊர்ப்புறத் துணை சுகாதார நிலையங்களில் நாம் பார்க்கும் நர்ஸம்மாவின் பணிக்கான அடித்தளம் இதுதான்.

ஒரு வாசலில் நுழைந்தவர்கள் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பதில்லை. ஏ.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர் ஜி.என்.எம். சேரலாம். ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர் 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரி ஆகலாம். நேர்வழியை விட நாள் கூடும், ஆனால் இடையில் சம்பாதித்துக்கொண்டே போகலாம். வீட்டு நிலைமையைப் பார்த்து இந்த வழியைத் தெரிந்தே தேர்ந்தெடுப்பதில் தப்பில்லை. தெரியாமல் போய் மாட்டிக்கொள்வதுதான் தப்பு.

வயது விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சேருகிற ஆண்டின் டிசம்பர் 31 அன்று 17 வயது நிறைந்திருக்க வேண்டும். உதாரணமாக 2026-ல் சேருவதாக இருந்தால் 31.12.2009 அன்றோ அதற்கு முன்னாலோ பிறந்திருக்க வேண்டும். இடையில் ஒரு வகுப்பு தாண்டிச் சேர்த்துவிட்ட பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு இடிக்கும். திருமணமானவர்களும் படிக்கலாம், விதியில் அதற்குத் தடை இல்லை.

பதினோராம் வகுப்பில் எந்த குரூப்?

பி.எஸ்சி. நர்சிங்தான் குறி என்றால் முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, கணிதம் சேர்ந்த பயோ-மேத்ஸ் குரூப். இன்னொன்று, தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக வரும் ப்யூர் சயின்ஸ் குரூப். கணக்கு பயமுறுத்துகிறது என்றால் இரண்டாவதை எடுக்கலாம். நர்சிங் சேர்க்கைக்குப் பிளஸ் டூ கணித மதிப்பெண் தேவையில்லை.

கணிதத்தோடு வரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் இயற்பியல், வேதியியல் இருந்தாலும் உயிரியல் இருக்காது. அதை வைத்து பி.எஸ்சி. நர்சிங் போக முடியாது. காமர்ஸ் குரூப்பும் அப்படித்தான்.

அதிகம் பேர் ஏமாறுகிற இடம் இன்னொன்று. சில பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவில் "நர்சிங்" என்றே ஒரு குரூப் இருக்கிறது. பெயரைப் பார்த்ததும் "இதுதான் நம்ம பொண்ணுக்கு" என்று சேர்த்துவிடுகிறோம். அதில் இயற்பியலும் வேதியியலும் தனிப் பாடங்களாக இல்லை. டிப்ளமோவுக்கோ ஏ.என்.எம்.முக்கோ போக அது உதவும். பி.எஸ்சி.க்கு இந்திய கவுன்சில் கேட்பது இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும். ஆகவே பெயரைப் பார்க்காமல் பாடப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் அறிவியல் குரூப் இல்லையென்றால், அஞ்செட்டி, தளி போன்ற மலைப்பகுதியில் இருப்பவர்கள் பக்கத்து ஊர்ப் பள்ளியையும் அரசு மாணவியர் விடுதியையும் அப்போதே விசாரியுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் வழிகாட்டல் கேட்கலாம்.

குரூப் ஏற்கெனவே தவறிவிட்டதா?

பதினோராம் வகுப்பு தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தால் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். இடம் இருந்தால் மாற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

பிளஸ் டூவில் ஒரு பாடம் போய்விட்டால் உடைந்துபோக வேண்டாம். வழக்கமாக ஜூன்-ஜூலை வாக்கில் துணைத் தேர்வு நடக்கிறது. அதை எழுதி அதே வருடமே தேறிவிடலாம்.

உயிரியல் படிக்காமலே பிளஸ் டூ முடித்துவிட்டவர்களுக்கு, தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அறிவியல் பாடங்களையும் ஆங்கிலத்தையும் எடுத்துத் தேறுவது ஒரு வழி. அப்படித் தேறியவர்களை இந்திய கவுன்சிலின் பி.எஸ்சி. விதிமுறை ஏற்கிறது. செய்முறைத் தேர்வையும் சேர்த்து முடிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு இணைச் சான்று எதாவது கேட்கிறார்களா என்பதை அந்த ஆண்டின் தகவல் தொகுப்பேட்டில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கட்-ஆப் எப்படிப் போடுவது?

தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு நர்சிங் இடங்களுக்குச் சேர்க்கை நடத்துவது மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு. அலுவலகம் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருந்தாலும் விண்ணப்பம் ஆன்லைனில்தான். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இங்கே இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை போட்டு வருகிறார்கள். இதற்கு நீட் மதிப்பெண் கேட்பதில்லை.

கட்-ஆப் 200-க்குக் கணக்கிடுவது வழக்கம். உயிரியல் 100-க்கு அப்படியே. இயற்பியல் 50-க்கும் வேதியியல் 50-க்கும் சுருக்கப்படும். உயிரியல் 84, இயற்பியல் 70, வேதியியல் 76 எடுத்த மாணவிக்கு 84 + 35 + 38 = 157. தாவரவியல், விலங்கியல் தனித்தனியாகப் படித்தவர்களுக்கு இரண்டையும் கூட்டி 100-க்குக் கொண்டுவருவார்கள்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. உயிரியலில் கூடுதலாக எடுக்கிற ஒரு மதிப்பெண், இயற்பியலில் எடுக்கிற இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம். படிக்கிற நேரத்தை எதற்கு ஒதுக்குவது என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசும்போது இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடு இங்கேயும் உண்டு. பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. ஆனால் இந்த ஒதுக்கீடு கிடைக்கத் தமிழ்நாட்டு அதிகாரி வழங்கிய சாதிச் சான்று வேண்டும். அடுத்த பகுதியை எல்லையோரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எல்லையோரக் குடும்பங்களுக்குச் சான்றிதழ்தான் முதல் பரீட்சை

நம் மாவட்டத்தில் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் கேட்கும். வேலைக்காகப் பெற்றோர் ஆனேக்கல், அத்திப்பள்ளி பக்கம் சில வருடம் குடியிருந்திருப்பார்கள். பிள்ளை ஆறாவது, ஏழாவது அங்கே படித்திருக்கும். பிறகு ஓசூர் வந்து பத்தாவது, பிளஸ் டூ முடித்திருக்கும். வாழ்க்கைக்கு இதில் ஒரு குறையும் இல்லை. விண்ணப்பப் படிவத்துக்கு மட்டும் இது ஒரு கேள்வி.

கலந்தாய்வில் தமிழ்நாட்டுக்காரர் என்பதைக் காட்ட வேண்டும். பள்ளிப் படிப்பில் சில வகுப்புகள் வெளிமாநிலத்தில் இருந்தால் இருப்பிடச் சான்று கேட்பார்கள். தாலுகா ஆபீஸில் "நேட்டிவிட்டி" என்றாலே புரியும். எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும் என்பது அந்தந்த ஆண்டுத் தகவல் தொகுப்பேட்டில் இருக்கும். முதலில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

இரண்டு சான்றுகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். "இங்கே குடியிருக்கிறார்" என்று சொல்வது வசிப்பிடச் சான்று. "இவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்" என்று சொல்வது இருப்பிடச் சான்று. முதலாவதை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டாவது இருப்பதாக நினைத்தால் கடைசி நேரத்தில் அலைய வேண்டியிருக்கும்.

இந்தச் சான்றுகளை இ-சேவை மையத்திலோ, உங்கள் கைபேசியில் தமிழ்நாடு அரசின் இ-சேவை இணையதளத்திலோ விண்ணப்பிக்கலாம். படிகள் இவை:

1. செல்பேசி எண்ணைக் கொடுத்துப் பயனர் கணக்கு தொடங்குங்கள். ஓடிபி வரும்.

2. குடிமக்கள் கணக்கு எண் ஒன்று உருவாகும். ஒருவருக்கு ஒரு முறை போதும், பிறகு எல்லாச் சான்றுக்கும் அதே எண்.

3. வேண்டிய சான்றைத் தேர்ந்தெடுத்து புகைப்படம், ஆதார், ரேஷன் கார்டு, மாற்றுச் சான்றிதழ், பெற்றோரின் சாதிச் சான்று போன்றவற்றை ஏற்றுங்கள். போனில் எடுக்கும் படம் மங்கலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

4. மையத்தில் விண்ணப்பித்தால் சேவைக் கட்டணம் 60 ரூபாய். ரசீதில் உள்ள விண்ணப்ப எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று போகும். எங்கே நிற்கிறது என்பதை அந்த எண்ணை வைத்துப் பார்க்கலாம். ஒப்புதல் ஆனதும் சான்றைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

இருளர் உள்ளிட்ட பழங்குடியினருக்குச் சாதிச் சான்று வழங்குவது வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர் நிலை அதிகாரி. நேரில் விசாரணை இருக்கும், நாளும் கூடும். ஆகவே அவர்கள் பத்தாம் வகுப்பு முடிந்ததுமே விண்ணப்பிப்பது நல்லது.

பெயர் எழுத்து இன்னொரு தலைவலி. தெலுங்கு, கன்னட, உருதுப் பெயர்கள் ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றில் வேறு மாதிரி இருக்கும். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து மற்றதைத் திருத்துங்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் பள்ளியில் தயாராகும்போதே ஒரு முறை கேட்டுப் பார்த்துவிட்டால் பின்னால் பெரிய அலைச்சல் மிச்சம்.

விண்ணப்பமும் கலந்தாய்வும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்தபின், வழக்கமாக மே, ஜூன் மாதங்களில் துணைமருத்துவப் பட்டப்படிப்புகளுக்கான அறிவிப்பு வரும். பி.எஸ்சி. நர்சிங் அதில் ஒன்று. டிப்ளமோ நர்சிங்குக்குத் தனி அறிவிப்பு. அரசுப் பள்ளிகளில் நடக்கும் டிப்ளமோவுக்கு ஆண் பிள்ளைகள் விண்ணப்பிக்க முடியுமா என்பதைத் தகவல் தொகுப்பேட்டில் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

தகவல் தொகுப்பேட்டை முதலில் பதிவிறக்கி, முழுவதும் ஒரு முறை படித்துவிட்டுத்தான் படிவத்தைத் திறக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் கொடுத்துவிட்டு வந்தால், அங்கே இருப்பவருக்கு உங்கள் பிள்ளை எங்கே படித்தது, யார் முதல் பட்டதாரி என்பதெல்லாம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் பாருங்கள். செல்பேசி எண், மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். சென்டர்காரரின் மின்னஞ்சலைப் போட்டுவிட்டால் தகவலெல்லாம் அவருக்குத்தான் போகும்.

பிறகு தரவரிசைப் பட்டியல் வரும். கலந்தாய்வில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் குறிக்க வேண்டும். "கிடைக்காது" என்று நினைத்து நல்ல கல்லூரிகளை விட்டுவிட வேண்டாம். விரும்பும் வரிசையிலேயே குறியுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த செவிலியர் கல்லூரி, கிருஷ்ணகிரியிலிருந்து ஒரே நெடுஞ்சாலையில் போய்விடக்கூடிய தூரம்தான்.

பட்டியல் வருடா வருடம் மாறுகிறது. 2023 ஏப்ரலில் நாடு முழுவதும் புதிய மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து 157 நர்சிங் கல்லூரிகளுக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அதில் தமிழ்நாட்டுக்கு 11. ஆகவே மூன்று வருடத்துக்கு முன் படித்த பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பட்டியலை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இந்த வருடப் பட்டியலைப் பாருங்கள்.

அத்திப்பள்ளி தாண்டிப் படிக்கலாமா?

படிக்கலாம். பெங்களூருவில் நல்ல கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள்.

கர்நாடகத்தில் பி.எஸ்சி. நர்சிங் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் அந்த மாநிலத்தின் சி.இ.டி. நுழைவுத் தேர்வு வழியாக நிரப்பப்படுகின்றன. அதற்குக் கர்நாடகத்தில் படித்த, வசித்த விவரம் கேட்பார்கள். ஓசூரில் படித்த பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீட்டு இடம்தான். அங்கே நம் மாநில இடஒதுக்கீடும் முதல் பட்டதாரி சலுகையும் கூட வராது.

இப்படி வைத்துக்கொள்வோம். மே மாதம் ஒருவர் வீட்டுக்கே வருகிறார். "பெங்களூர்ல சீட் இருக்கு. இன்னைக்கே அட்வான்ஸ் குடுத்தா பீஸ் கம்மி. காலேஜுக்குத் தினமும் போக வேணாம், பரீட்சைக்கு மட்டும் போனா போதும்" என்கிறார். கம்பெனி வேலையை விடாமலே பட்டம் வாங்கிவிடலாம் என்று பிள்ளைக்கும் ஆசை வருகிறது. இந்த இடத்தில்தான் நிறுத்த வேண்டும். இந்திய கவுன்சிலின் விதிப்படி தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் வழங்குவதற்கு முன் செய்முறைப் பயிற்சியில் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். வராமலே பாஸ் என்று சொல்கிறவர், நாளைக்குப் பதிவில் சிக்கல் வந்தால் போனை எடுக்க மாட்டார். நாலு வருடமும் சில லட்சமும் போனபின் மிஞ்சுவது ஒரு காகிதம்.

ஒன்றும் தெரியாமல் ஊசி போடக் கற்றவரிடம் நம் அம்மாவையோ குழந்தையையோ விடுவோமா? அந்த 100 சதவீத விதி இருப்பதே நோயாளிக்காகத்தான்.

எந்த மாநிலக் கல்லூரியானாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்:

1. இந்திய செவிலியர் கவுன்சில் இணையதளத்தில் வெளியாகும் பட்டியலில் அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, அந்த ஆண்டு இருக்கிறதா? ஜி.என்.எம்.முக்கு இருக்கும் அங்கீகாரம் பி.எஸ்சி.க்குப் பொருந்தாது.

2. மாநில செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா?

3. பல்கலைக்கழக இணைப்பு உண்டா? தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், கர்நாடகத்தில் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் கல்லூரிப் பட்டியலில் பாருங்கள்.

4. பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்? பி.எஸ்சி. நடத்தும் நிறுவனத்துக்குச் சொந்தமாக 100 படுக்கை மருத்துவமனை வேண்டும் என்பது பொது விதி. நேரில் போய் வார்டில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

வெளிமாநிலத்தில் படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் வேலை பார்க்க வேண்டும் என்றால் பதிவை இங்கே மாற்ற வேண்டும். "உங்க கல்லூரில போன வருஷம் முடிச்சவங்க தமிழ்நாட்டு கவுன்சில்ல பதிஞ்சிருக்காங்களா?" என்று கேளுங்கள். பதிவு செய்தவர்கள் இருந்தால் அவர்களிடமே பேசுங்கள். இங்கே படித்துவிட்டு ஓசூர் ரோட்டில் உள்ள பெங்களூரு மருத்துவமனைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும் அதே மாதிரி கர்நாடக கவுன்சில் பதிவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணத்துக்கு என்ன வழி?

முதல் பட்டதாரி சான்று: குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டதாரி இல்லை என்றால் இ-சேவையில் வாங்கலாம். அரசு ஒதுக்கீட்டு இடத்தில் சேருபவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகைக்கு இது பயன்படும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் கிடைக்காது. மறைத்து வாங்கினால் பின்னால் சிக்கல்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்: 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். புதுமைப் பெண் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பட்டப்படிப்பு, டிப்ளமோ இரண்டுக்கும் பொருந்தும். கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்கட்டும்.

கல்வி உதவித்தொகை: எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கு உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு பொதுவாக 2.5 லட்சம் ரூபாய். இதற்குப் புதிதாக எடுத்த வருமானச் சான்று தயாராக இருக்கட்டும்.

கல்விக் கடன்: 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை என்பது வங்கிகளின் மாதிரித் திட்டம். அங்கீகாரம் இல்லாத கல்லூரிக்கு வங்கி கடன் தராது. அதையே ஒரு பரிசோதனையாக எடுத்துக்கொள்ளுங்கள்: வங்கி மேலாளர் தயங்கினால் ஏன் என்று கேளுங்கள்.

பாடம் ஆங்கிலத்தில், பயப்பட வேண்டாம்

தமிழ், தெலுங்கு, கன்னட, உருது வழியில் படித்த பிள்ளைகளுக்கு முதல் சில மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், சமூகவியல், அடிப்படைச் செவிலியம் எல்லாம் ஆங்கிலத்தில் வரும். அதற்காகவே அந்த செமஸ்டரில் ஆங்கிலத் தொடர்பாடல் என்று ஒரு பாடமும் வைத்திருக்கிறார்கள். பிளஸ் டூ ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்புக்கும் நடுவே கிடைக்கும் இரண்டு மூன்று மாதத்தில், பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பைப் போனில் இறக்கி, தினம் இரண்டு பக்கம் தமிழ்ப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் படித்தால் பாதி பயம் போய்விடும்.

பல மொழி பேசத் தெரிந்திருப்பது இந்தத் தொழிலில் பெரிய பலம். வலி எங்கே என்று நோயாளி தன் மொழியில் சொல்லும்போது புரிந்துகொள்கிற நர்ஸ், ஓசூரிலும் பெங்களூரிலும் தேவைப்படுகிறவர்.

ஃபோனில் குறித்துவைத்துக்கொள்ள

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும்: உயிரியல் உள்ள அறிவியல் குரூப். பெயர், பிறந்த தேதி எல்லா ஆவணத்திலும் ஒன்றா என்று பார்த்தல்.

பதினோராம் வகுப்பு: சாதிச் சான்று, தேவைப்பட்டால் இருப்பிடச் சான்று. பள்ளியில் நான் முதல்வன் வழிகாட்டல் வகுப்பு நடந்தால் தவறாமல் போதல்.

பிளஸ் டூ, டிசம்பருக்குள்: முதல் பட்டதாரி சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு.

பிளஸ் டூ, தேர்வு முடிந்ததும்: வருமானச் சான்று. டிஜிலாக்கர் கணக்கு. மதிப்பெண் பட்டியல் அதிலேயே வந்துவிடும்.

மே, ஜூன்: தகவல் தொகுப்பேடு படித்தல், விண்ணப்பம், கட்-ஆப் கணக்கு.

கலந்தாய்வுக்கு முன்: நான்கு சரிபார்ப்பும் முடித்த கல்லூரிகளின் பட்டியல்.

படிப்பு முடிந்ததும்: கவுன்சில் பதிவு. அதைத் தள்ளிப்போடவே கூடாது.

விதிகளும் தேதிகளும் வருடத்துக்கு வருடம் மாறக்கூடியவை. தேசிய செவிலியர் மற்றும் தாதியர் ஆணையச் சட்டம் 2023-ல் நிறைவேறியிருக்கிறது, அதை ஒட்டியும் சேர்க்கை முறையில் மாற்றங்கள் வரலாம். அதனால் வாட்ஸ்அப்பில் வரும் பார்வேர்டை நம்பாமல் தேர்வுக் குழுவின் இணையதளத்தையே பாருங்கள்.

அடுத்த மே மாதம் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கும். "நர்ஸ் ஆகணும்" என்று அது சொன்னால், குரூப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் பொறுத்து, பாடப் பட்டியலை ஒரு முறை படித்துப் பாருங்கள். அது போதும்.